கியர் விழாத கார்

நேயர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் கடலோர ஊர்களில் மெக்கானிக்குகளுக்கு ஒரே மாதிரியான அழைப்பு வரும். "கார் ஸ்டார்ட் ஆகுது, கியர்தான் விழ மாட்டேங்குது." கேட்டால், வீட்டுக்காரர் மகனோடு வெளிநாட்டில் இருந்திருப்பார், வண்டி மூன்று நான்கு மாதமாக நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். 2020 ஊரடங்கு முடிந்தபோது இந்தத் தொல்லையை ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் தவறாமல் இஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டிருப்பார். பாட்டரிக்கு அதனால் கொஞ்சம் பயன் உண்டு. இஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துப் பிரிக்கும் கிளட்ச்சுக்கு ஒன்றுமில்லை. பெடலை மிதித்தால்தானே அது பிரியும்?

இஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரமும், பிரஷர் பிளேட் என்ற அழுத்தும் தகடும் வார்ப்பிரும்பு. அவை இரண்டுக்கும் நடுவே, கியர் பாக்ஸைச் சுழற்றும் கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கிறது. ஈரக்காற்று பட்டால், கழுவித் துடைக்காமல் வைத்த தோசைக்கல் மாதிரி வார்ப்பிரும்பு துருவேறும். அந்தத் துரு கிளட்ச் பிளேட்டின் லைனிங்கை, அதாவது அதன் மேலுள்ள உராய்வுப் பட்டையை, கவ்விக்கொள்ளும். அப்புறம் பெடலை மிதித்தாலும் பிளேட் ஃபிளைவீலை விட்டு வராது, இஞ்சினோடு சேர்ந்தே சுற்றும், கியர் விழாது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. இஞ்சின் நின்றிருக்கும்போது எல்லா கியரும் விழும். ஓடும்போது கரகரவென்று சத்தம்தான் வரும். பெடல் தரைவரை தொளதொளவென்று போனால் கதை வேறு. கிளட்ச் ஆயில் ஒழுகியிருக்கலாம், கேபிள் வண்டியானால் கேபிள் அறுந்திருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

பிளேட்தான் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தால், உடனே கியர் பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். பிளேட்டின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலியே அதிகமாகிவிடும் வேலை அது. பல வண்டிகளில் சூடும் ஒரு திடீர் முறுக்கும் போதும்.

நியூட்ரலில் இஞ்சினை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் புகை ஆளைக் கொன்றுவிடும். ஃபிளைவீல் நன்றாகச் சூடானதும் இஞ்சினை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டு, இடது காலால் கிளட்ச்சையும் வலது காலால் பிரேக்கையும் முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். இரண்டு மூன்று விநாடிதான், அதற்கு மேல் போனால் செல்ஃப் மோட்டார் வெந்துவிடும். ஏன் டாப் கியர் என்றால், முதல் கியரில் இஞ்சினின் இழுவை பெருகிச் சக்கரத்துக்குப் போகும், வண்டி பிரேக்கையும் மீறித் தாவிவிடும். டாப் கியரில் சக்கரம் அசையாது, முறுக்கெல்லாம் ஒட்டிய இடத்திலேயே விழும். எப்படியானாலும் வண்டிக்கு முன்னால் ஆளோ சுவரோ இருக்கக் கூடாது. பிடி விட்டால் அடியில் 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்கும், இஞ்சின் தடையில்லாமல் சுற்றத் தொடங்கும்.

அப்படியும் விடவில்லையா? பெடலை முழுக்க அழுத்தி, சீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் மறுபடியும் சூடாக்கிப் பாருங்கள்.

முதல் கியரிலேயே செல்ஃப் அடித்து வண்டியை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரை வெடுக்கென்று மிதித்து விடுகிற வழியும் உண்டு. பலன் தரும்தான், ஆனால் காலி மைதானமும் பழகிய காலும் வேண்டும். நிறுத்த பிரேக்கை அழுத்தினால் இஞ்சின் அணைந்துவிடும். ஓட்டத்தில் சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இஞ்சின் சுழற்றும் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஓடவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வண்டி ஜாக்கியை விட்டு இறங்கினால் பிடிக்க ஆளில்லை.

துருவைக் கரைக்கும் எண்ணெயை மட்டும் உள்ளே அடித்துவிடாதீர்கள். லைனிங்கில் பட்டால் பிளேட் வழுக்க ஆரம்பித்து, கடைசியில் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டியிருக்கும்.

பிரிந்த பிறகு கொஞ்ச தூரம் வண்டி அதிர்ந்து கிளம்பும். துரு தேய்ந்ததும் சரியாகிவிடும். அதிர்வு குறையவே இல்லையென்றாலோ கருகல் வாடை வந்தாலோ, லைனிங் பிய்ந்திருக்கலாம், வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள்.

இனி ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்பவரிடம் ஸ்டார்ட் செய்வதோடு நிறுத்தாமல் தெருக்கோடி வரை ஓட்டிவரச் சொல்லுங்கள். ஓட்டத் தெரியாதவரானால், நியூட்ரலில் வைத்துப் பெடலைப் பத்துத் தடவை மிதித்து விட்டால்கூடப் போதும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைக்க வேண்டாம், டிரம்மில் பிரேக் ஷூவும் இதே போல ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

வணக்கம்.