சுவர் இருந்தாத்தான் சித்திரம்: ஒரு டீமை இடிச்சுக் கட்டின கதை

வணக்கம், எல்லாரும் உக்காருங்க, பின்னாடி கேக்குதா? சரி. ஃபுட்பால்னு பாத்துட்டு மெஸ்ஸி பத்தி பேசப் போறேன்னு வந்தவங்க யாராவது இருந்தா இப்பவே மன்னிப்பு கேட்டுக்கறேன், இது அமெரிக்காக்காரங்க ஃபுட்பால், முட்டை மாதிரி பந்து, பேருலதான் கால் இருக்கே தவிர ஆட்டம் முக்காவாசி கைலதான் (சிரிப்பு). விதி எல்லாம் ரொம்ப விளக்க மாட்டேன். நாலு வாய்ப்பு, அதுக்குள்ள பத்து யார்டு முன்னேறணும், முன்னேறினா மறுபடி நாலு வாய்ப்பு, இல்லன்னா பந்து எதிராளிக்கு. இதுதான் ஆட்டம்.

ஒரு பக்கம் பதினோரு பேரு. பந்து வச்சிருக்கற பக்கத்துல அஞ்சு பேரு, ஆஃபென்ஸிவ் லைன்னு சொல்றாங்களே, எதிராளி உள்ள பாயாம மறிச்சு நிக்கற சுவரு, அவங்கள்ல சென்டர் பந்தை ஸ்னாப் பண்ணி, அதாவது ஆட்டத்தைத் தொடங்கப் பின்னாடி குடுக்கறதோட சரி, மத்த நாலு பேரு ஆட்டம் முழுக்க பந்தைத் தொடாமலேயே வீட்டுக்குப் போயிடுவாங்க. பெரும்பாலும் எல்லாரும் முன்னூறு பவுண்டுக்கு மேல. யாரும் அவங்க பேரு போட்ட ஜெர்சி வாங்கறது அபூர்வம். இன்னிக்கு நான் பேச வந்தது அந்த அஞ்சு பேரைப் பத்தி, அதுலயும் நடுவுல நிக்கற மூணு பேரைப் பத்தி (நட்ட நடுவுல சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ஓரத்துல நிக்கற ரெண்டு பேரு டேக்கிள்), ஏன்னா ரீபில்டு ரீபில்டுன்னு எல்லாரும் பேசறாங்க, வர்ற சீசனுக்கு என்ன புது ப்ளே, என்ன புது ஸ்கீம்னு மணிக்கணக்கா அலசறாங்க, சுவரே இல்லாம சித்திரத்துக்குக் கலர் பாத்துக்கிட்டு இருக்கற மாதிரி.

உதாரணத்துக்கு டெட்ராய்ட் லயன்ஸ், என்.எஃப்.எல்-னு அமெரிக்கால இருக்கற லீக்ல ஒரு டீம். 2008-ல 16 மேட்ச் ஆடி 16-ம் தோத்தாங்க, 0-16. அடுத்த வருஷம் டிராஃப்ட்ல, அதாவது காலேஜ் ஆட்டக்காரங்களை டீம்கள் வரிசையா எடுக்கற நிகழ்ச்சில, முதல் ஆளா மேத்யூ ஸ்டாஃபோர்டை எடுத்தாங்க, நல்ல க்வாட்டர்பேக், பந்தை எறியற ஆளு, கை பீரங்கி மாதிரி, ஆனா 12 சீசன் ஆடியும் ஒரே ஒரு ப்ளேஆஃப் (நாக் அவுட்) மேட்ச் கூட ஜெயிக்கல. 2021 ஜனவரில பிராட் ஹோம்ஸ்னு ஒரு ஜெனரல் மேனேஜர், டான் கேம்ப்பெல்னு ஒரு கோச், ரெண்டு பேரும் வந்தாங்க. கேம்ப்பெல் முதல் பிரஸ் மீட்லயே, எங்கள கீழ தள்ளினா எந்திரிக்கும்போது உங்க முழங்கால் சில்லைக் கடிச்சுட்டுதான் எந்திரிப்போம்னு சொல்லப்போக நாடே சிரிச்சுது, நானும் சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

வந்ததும் செஞ்ச முதல் காரியம் ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் குடுத்துட்டாங்க. பதிலுக்கு ஜாரெட் காஃப்னு ராம்ஸ் வேணாம்னு தள்ளின க்வாட்டர்பேக், 2022-க்கு ஒண்ணு, 2023-க்கு ஒண்ணுன்னு முதல் ரவுண்டு பிக், அதாவது டிராஃப்ட்ல ஆள் எடுக்கற வாய்ப்பு, மேல ஒரு மூணாவது ரவுண்டு பிக். ஸ்டாஃபோர்டு போன அந்த சீசன்லயே ராம்ஸ் லீக்கோட ஃபைனலான சூப்பர் பௌல் ஜெயிச்சுட்டாங்க. டெட்ராய்ட்ல எப்படி இருந்திருக்கும் பாருங்க, நம்ம வீட்டை வித்துட்டுப் போனதும் வாங்கினவன் தோட்டத்துல புதையல் எடுத்தான்னா வயிறு எரியுமா எரியாதா?

இப்ப கவனிங்க. புது நிர்வாகம் கையில இருந்த முதல் பெரிய பிக், 2021 டிராஃப்ட்ல ஏழாவது இடம். அங்க அவங்க எடுத்தது பெனெய் ஸீவெல், ஒரு டேக்கிள், லைன்ல நிக்கற ஆளு. ஹைலைட் ரீல்ல வராத ஆளு. இன்னொண்ணு, நான் இதை எத்தனை தடவ சொன்னாலும் யாரும் காதுல வாங்கறதில்ல, ரீபில்டுன்னா எல்லாத்தையும் இடிக்கறதுன்னு நெனச்சுக்கறாங்க. லெஃப்ட் டேக்கிள் டெய்லர் டெக்கர் 2016-ல வந்தவரு, சென்டர் ஃபிராங்க் ராக்னோ 2018, கார்டு ஜோனா ஜாக்சன் 2020, மூணு பேருமே பழைய நிர்வாகம் எடுத்தவங்க. புதுசா வந்தவங்க க்வாட்டர்பேக்கையே மாத்தினாங்க, இந்த மூணு பேரை விட்டுவச்சாங்க. பழைய வீட்டை வாங்கினா ஓட்டைப் பிரிப்போம், ஜன்னலை மாத்துவோம், நல்ல தூணை எதுக்குங்க இடிக்கணும்?

பலன் உடனே வரல. 2021-ல முதல் 11 மேட்ச்ல பத்து தோல்வி ஒரு டிரா. டிசம்பர்ல மின்னசோட்டாவோட ஆடின மேட்ச்ல கடிகாரம் பூஜ்யம் ஆகும்போது காஃப் எறிஞ்ச பந்தை அமான்-ரா செயின்ட் பிரவுன் பிடிச்சாரு, 29-27, முதல் வெற்றி. அவரு நாலாவது ரவுண்டுல 112-வது ஆளா வந்தவரு, தனக்கு முன்னாடி 16 ரிசீவர, அதாவது எறியற பந்தைப் பிடிக்கற ஆளுங்கள எடுத்தாங்க, அந்த 16 பேரு பேரையும் அவங்களை எடுத்த டீமோட சேர்த்து இன்னிக்கும் மனப்பாடமா ஒப்பிப்பாரு. நம்ம ஆளு எட்டாங்கிளாஸ்ல அடிச்ச வாத்தியாரை மறக்காத மாதிரி. அந்த வருஷம் 3-13-1, அதாவது மூணு வெற்றி, பதிமூணு தோல்வி, ஒரு டிரா. அடுத்த வருஷம் 1-6-ன்னு ஆரம்பிச்சு 9-8-ல முடிச்சாங்க. 2023-ல 12-5, டிவிஷன் டைட்டில், அதாவது அவங்க பிரிவுல முதலிடம், அப்புறம் 2024 ஜனவரில ப்ளேஆஃப்ல யாரு எதிர்ல வந்தாங்கன்னா அதே ஸ்டாஃபோர்டோட ராம்ஸ், 24-23, 32 வருஷத்துக்கு அப்புறம் முதல் ப்ளேஆஃப் வெற்றி. வேணாம்னு தள்ளப்பட்ட காஃப் பேரைச் சொல்லி ஸ்டேடியமே கத்துச்சு.

சரி, ஆஃபென்ஸ் ஸ்ட்ராடஜிக்கு வர்றேன், அதுதான கேக்க வந்தீங்க. 2022-ல பென் ஜான்சன்னு ஒரு சின்ன வயசு ஆளை ஆஃபென்ஸிவ் கோஆர்டினேட்டர், அதாவது ஆஃபென்ஸுக்கு ப்ளே வகுக்கற கோச் ஆக்கினாங்க. அவரோட வித்தையை ஒரே வரில சொல்லணும்னா, எல்லா ப்ளேயும் ஆரம்பத்துல ஒரே மாதிரி தெரியும். காஃப் சென்டருக்கு நேர் பின்னாடி கையை வச்சு நிப்பாரு, ஷாட்கன்னு சொல்ற மாதிரி அஞ்சு யார்டு பின்னாடி தள்ளி இல்ல. பந்து வந்ததும் திரும்பி, அதை வாங்கிட்டு ஓடற ரன்னிங் பேக்கிட்ட குடுப்பாரு. அதையே பத்து தடவ பண்ணி நாலஞ்சு யார்டு நாலஞ்சு யார்டா எடுத்துட்டே இருந்தா எதிர் டீம்ல அவங்க லைனுக்குப் பின்னாடி நிக்கற லைன்பேக்கருக்கு என்ன ஆகும், பதினோராவது தடவ காஃப் திரும்பினதுமே அவன் ரெண்டு அடி முன்னாடி வந்துருவான். அந்த ரெண்டு அடிதாங்க எல்லாமே. இந்தத் தடவ பந்தைக் குடுக்கற மாதிரி குடுக்காம இழுத்துட்டு, அவன் விட்டுட்டு வந்த அந்த இடத்துல, அவன் தலைக்கு மேல பதினஞ்சு யார்டுல எறிஞ்சிருவாரு. இதுக்குப் பேருதான் ப்ளே ஆக்ஷன். அந்தப் பொய் எடுபடணும்னா முதல்ல பத்து தடவ உண்மை சொல்லியிருக்கணும், அந்த உண்மையச் சொல்றது லைன்.

2024 டிசம்பர் 22, சிகாகோல பேர்ஸோட மேட்ச். இந்த க்ளிப்பை நான் ரிமோட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்திருக்கேன். காஃப் பந்தை வாங்கிட்டு பின்னாடி போகும்போது கால் தடுக்குது. ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸ் பந்துக்காகப் பாயற மாதிரி தரையில விழறாரு. டிஃபென்ஸ் பூரா பந்து நழுவிருச்சுடான்னு ஒரு நொடி நிக்குது, சில பேரு பாய வர்றாங்க. காஃப் நிமிந்து நிதானமா, லைன் ஓரத்துல நின்னு மறிக்கவும் பந்து பிடிக்கவும் செய்யற டைட் எண்டு சாம் லபோர்ட்டாவுக்கு எறியறாரு, பந்து எல்லைக்குள்ள போயிருச்சு, 21 யார்டு டச்டவுன், பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. தடுக்கினது, விழுந்தது எல்லாம் நடிப்பு, வாரம் பூரா ஒத்திகை பாத்தது. எல்லாரும் ஜான்சன் மூளைய மெச்சினாங்க, மெச்சட்டும். ஆனா அந்த க்ளிப்பைத் திரும்ப ஓட்டி நடுவுல மட்டும் பாருங்க, க்வாட்டர்பேக்கு தடுக்கி விழற மாதிரி நாடகம் ஆட நேரம் வேணும்ல, அந்த நேரத்தைத் தோள் குடுத்துத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது யாருன்னு.

அந்த ப்ளேல இன்னொரு கூத்து. காஃப் ராம்ஸ்ல இருந்து வந்தவரு. ராம்ஸ் குடுத்த 2023 பிக் ஆறாவது இடத்துல விழுந்துச்சு, அதை அரிசோனாவுக்குக் குடுத்து 12-ம் 34-ம் வாங்கினாங்க, 12-ல கிப்ஸ், 34-ல லபோர்ட்டா. எறிஞ்சவரு, விழுந்தவரு, பிடிச்சவரு, மூணு பேரும் ஸ்டாஃபோர்டை வித்த காசு! கிப்ஸை 12-ல எடுத்தப்ப, ரன்னிங் பேக்குக்கு இவ்வளவு மேல பிக்கா, புத்தி கெட்டுப்போச்சான்னு திட்டினவங்கள்ல அடியேனும் ஒருத்தன்.

அந்த சீசன் 15-2, 564 பாயின்ட், லீக்லயே அதிகம். ப்ளேஆஃப்ல வாஷிங்டன்கிட்ட 45-31 தோத்தாங்க, டிஃபென்ஸ்ல பாதிப் பேரு கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, காஃப் கூட்டமும் பந்தை அஞ்சு தடவ தாரை வாத்துச்சு, அது தனிக் கதை, விடுங்க.

தடுக்கி விழற நாடகத்தை சிகாகோல போட்டு ஒரு மாசம் கூட ஆகல, அந்த சிகாகோக்காரங்களே ஜான்சனை ஹெட் கோச்சாத் தூக்கிட்டாங்க. அவங்க நிலைமை 5-12, கேலப் வில்லியம்ஸ்னு டிராஃப்ட்ல முதல் ஆளா எடுத்த க்வாட்டர்பேக் பையனை எதிராளிங்க ஒரே சீசன்ல 68 தடவ கீழ போட்டு மிதிச்சிருந்தாங்க. பென் ஜான்சன் வந்தாரு, என்னமோ மந்திரப் ப்ளேபுக் கொண்டுவரப் போறாருன்னு எல்லாரும் பாத்தா, மார்ச் மாசத்துல அந்த டீம் வாங்கினது ரெண்டு கார்டு ஒரு சென்டர்! கேன்சஸ் சிட்டில இருந்து ஜோ துனி, அட்லாண்டால இருந்து ட்ரூ டால்மன், அப்புறம் யாரு, நம்ம ஜோனா ஜாக்சன், டெட்ராய்ட்ல ஆடி நடுவுல ராம்ஸுக்குப் போன அதே ஆளு. நடு மூணும் புதுசு. 2025-ல பேர்ஸ் 11-6, டிவிஷன் டைட்டில், வில்லியம்ஸ் கீழ விழுந்தது முன்ன விழுந்ததுல பாதி கூட இல்ல.

அதே வருஷம் டெட்ராய்ட்ல? கார்டு கெவின் ஸைட்லர் போயிட்டாரு, ஜூன்ல ராக்னோ ரிட்டையர் ஆயிட்டாரு. சென்டர் போறதுன்னா சும்மா ஒரு ஆளு போறதில்லைங்க, ஸ்னாப்புக்கு முன்னாடி எதிர்ல எவன் பாய வர்றான், நம்மள்ல எவன் எவனைப் பிடிக்கணும்னு கைகாட்டிச் சொல்றவரு அவருதான், வீட்டுக்குப் பெரியவரு மாதிரி. கார்டா இருந்த கிரஹாம் கிளாஸ்கோவை நடுவுக்கு நகர்த்தி ரெண்டு பக்கமும் சின்னப் பசங்கள நிறுத்தினாங்க. நவம்பர்ல ராக்னோ திரும்பி வர்றேன்னு கிளம்பினாரு, மெடிக்கல் டெஸ்ட்ல தொடைத் தசைப் பிரச்சனை தெரிஞ்சு அதுவும் நடக்கல. புது கோஆர்டினேட்டர் கையில இருந்து ப்ளே கூப்பிடற வேலைய சீசன் பாதிலயே கேம்ப்பெல் வாங்கிக்கிட்டாரு. முடிவு 9-8, ப்ளேஆஃப் இல்ல.

(முன்வரிசையில ஒரு தம்பி கை தூக்கறாரு) சொல்லுங்க தம்பி. ஆமா, கரெக்ட், அதே 2025-ல சிகாகோவ ரெண்டு மேட்ச்லயும் அடிச்சது டெட்ராய்ட்தான், ஒண்ணுல 52-21. நல்ல கேள்வி, இதை மறைக்கணும்னு நெனச்சேன், விடமாட்டேங்கறீங்களே (சிரிப்பு). மொத்தப் பாயின்ட்டப் பாத்தாலும் லயன்ஸ் ஆஃபென்ஸ் படு மோசம்னு யாரும் சொல்ல முடியாது. கிப்ஸ் மாதிரி ஆளு இருந்தா சில நாள் அவரு ஒருத்தரே மேட்ச்சை இழுத்துட்டுப் போயிடுவாரு. நான் சொல்றது அப்படி இழுக்க முடியாத நாளைப் பத்தி. நவம்பர்ல ஃபிலடெல்ஃபியால 16-9 தோத்தாங்களே, அந்த மேட்ச்ல நாலாவது டவுன்ல, அதாவது கடைசி வாய்ப்புல, பந்தை உதைச்சு விடாம அஞ்சு தடவ துணிஞ்சாங்க, அஞ்சும் போச்சு. நாலாவது டவுன்ல உதைச்சுட்டுப் போகாம துணியறது கேம்ப்பெல் ரத்தத்துலயே ஊறினது, 2024 ஜனவரில சான் ஃபிரான்சிஸ்கோவோட பாதி ஆட்டத்துல 24-7 முன்னிலையில இருந்துட்டு 34-31 தோத்தப்பவும் அப்படி ரெண்டு தடவ துணிஞ்சு மாட்டினாரு, ஊரே திட்டுச்சு. நான் அன்னிக்கும் திட்டல, ஏன்னா அன்னிக்கு முன்னாடி நின்னது ரெண்டு யார்டு தள்ளிக் குடுக்கற லைன், எறிஞ்ச பந்து ரிசீவர் கையில பட்டு நழுவுச்சு, அது விதி. ஃபிலடெல்ஃபியால அப்படி இல்ல, நடுவுல எதிராளி கையைத் தூக்கிக்கிட்டு மூஞ்சிக்கு நேரா நிக்கறான், எறியற பந்து அவன் கையிலயே மோதுது. அங்க போய் அதே துணிச்சல்னா அதுக்கு வேற பேரு.

அதனால வர்ற சீசனுக்கு லயன்ஸுக்கு என்ன ஸ்ட்ராடஜின்னு என்னக் கேட்டா, ப்ளே கூப்பிடறது யாருங்கறது எனக்கு ரெண்டாம்பட்சம். காஃப் ஓடற ஆளு இல்ல, நிக்கற இடம் கலைஞ்சா அவரு சாதாரண க்வாட்டர்பேக், நின்னா லீக்ல முதல் ஆறு பேர்ல ஒருத்தர். முதல்ல சென்டர். 2025-ல அங்க நின்ன கிளாஸ்கோ நல்ல மனுஷன், ஆனா அங்க நிரந்தரமா ஒரு ஆளு வேணும், பெரிய பேரு ரிசீவருக்குப் போற பணத்தை அங்க போடட்டும், இந்த லீக்ல ஒரு டீம் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2025-ல 27 கோடியே 92 லட்சம் டாலர், ஒரு இடத்துல கூட்டினா இன்னொரு இடத்துல குறையும். அப்புறம் ரெண்டு மூணு டைட் எண்டை இறக்கி, ஷாட்கன்னைக் குறைச்சு, கிப்ஸை டேக்கிளுக்கும் கார்டுக்கும் நடுவுல முட்ட விட்டு, அந்த அலுப்புத் தட்டற நாலு யார்டை மறுபடி சம்பாதிக்கணும். முதல் க்வாட்டர் பூரா போரடிக்கும், டிவி முன்னாடி கொட்டாவி விடுவீங்க, விடுங்க பரவால்ல, அது மூணாவது க்வாட்டருக்காகப் போடற முதலீடு.

நான் சீசன் முதல் மேட்ச்ல ஸ்கோர் பாக்கப் போறதில்ல. ஒரு பேப்பர் வச்சுக்கிட்டு முதல் பத்து ஸ்னாப்ல காஃப் எத்தனை தடவ சென்டருக்கு நேர் பின்னாடி நிக்கறாருன்னு கோடு போடுவேன், அஞ்சுக்குக் கீழ வந்தா டிவிய ஆஃப் பண்ணிட்டு தூங்கப் போயிடுவேன். தம்பி, நீங்க வேற ஏதோ கேக்கணும்னீங்களே?