வாப்பா என்பதும் தமிழ்தான்

நேயர்களுக்கு வணக்கம். ஓய்வு பெறும்வரை, சிங்கப்பூரில் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்கு வரும் இளம் தமிழாசிரியர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவன் நான். அவர்களில் ஒருவர், தொடக்கநிலை நான்கில் படித்த மாணவனின் கட்டுரையில் 'வாப்பா' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, 'அப்பா' என்று திருத்தியிருந்தார். அவரிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் தந்தையை அழைக்கும் அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. அந்த மாணவனோ அடுத்த கட்டுரையில் தந்தையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

பன்முகத்தன்மை என்றதும் ஜூலை 21ஆம் நாள்தான் நம் நினைவுக்கு வருகிறது. 1964ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை நினைவுகூரும் அந்த இன நல்லிணக்க நாளில், பிள்ளைகள் மலாய் உடையான பாஜு குரோங்கும் சீன உடையான சியோங்சாமும் சேலையும் அணிந்து வருவது எனக்கும் பிடிக்கும். ஆனால், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக 1991 முதல் இயங்கிவரும் தேசியக் கல்விக் கழகத்தில் பயிலும் வருங்கால ஆசிரியர்களுக்கு உடையும் உணவும் பற்றிய அறிவு போதாது. கட்டுரை திருத்துவது, வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிப்பது, பெற்றோரிடம் பேசுவது ஆகிய அன்றாட வேலைகளுக்குள்ளேயே பன்முகத்தன்மை பற்றிய பார்வை புகட்டப்பட வேண்டும் என்பது என் கருத்து. சீனப் பெயரில் குடும்பப்பெயர் முதலில் வரும் என்பதையும், தமிழ் மாணவியின் பெயரோடு இருப்பது பெரும்பாலும் தந்தையின் பெயர் என்பதையும் அறியாத ஆசிரியர், முதல் நாளிலேயே பிள்ளையைத் தவறாக அழைத்துவிடுகிறார்.

பிற இனத்தவரைப் புரிந்துகொள்வது பற்றி நிறையப் பேசுகிறோம். தமிழ் வகுப்புக்குள் இருக்கும் வேறுபாடுகளை மறந்துவிடுகிறோம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. வீட்டில் மலையாளமோ தெலுங்கோ பேசும் பிள்ளை, அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளை, ஆங்கிலத்திலேயே கனவு காணும் பிள்ளை ஆகிய மூவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கையில், 'எங்கள் வீட்டுத் தீபாவளி' என்ற ஒரே தலைப்பை எல்லாருக்கும் கொடுப்பது எளிது, ஆனால் நியாயமன்று.

அந்தப் பயிற்சி ஆசிரியரிடம் நான் நீண்ட அறிவுரை ஏதும் சொல்லவில்லை. வாப்பா என்பதும் தமிழ்தான் என்று மட்டும் சொன்னேன். மறுவாரம் அவர், வீட்டில் தந்தையை எப்படி அழைப்பீர்கள் என்று வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டு, வெண்பலகையில் எழுதினார். அப்பா, அத்தா, நைனா, அச்சன் என்று பட்டியல் நீண்டது. வாப்பா என்று அந்த மாணவன் சற்று உரக்கவே சொன்னான். கடைசி வரிசைச் சிறுமி தயங்கித் தயங்கி 'டாடி' என்றாள். அதையும் அவர் தமிழ் எழுத்தில் எழுதினார்.