லெப்டொப் வாங்க முதல் அடியத் திருப்பிப் பாருங்க

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கேட்டுக்கிட்டு இரிக்கிற எல்லாருக்கும். நான் பேராதனையில இஞ்சினியரிங் படிச்ச ஆள், ஆனா இண்டைக்கு என்னைக் கூப்பிட்டது அதுக்காக இல்ல. கல்லடியில ஒரு சின்னக் கடையில லெப்டொப் கழட்டிப் பூட்டிக்கிட்டு இரிக்கன், ஏ.எல் ரிசல்ட் வந்து கெம்பஸ் வெட்டுப்புள்ளியும் வந்தா ஒரு மாசத்துக்கு என்ட போன் ஓயாது, புள்ளைக்கு இஞ்சினியரிங் கிடைச்சிட்டு, என்ன லெப்டொப் வாங்குற எண்டு ஒரே கேள்வி.

ஒரு கதை சொல்றன். போன மாரிக்கு முதல் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு அண்ணன் மண்முனைப் பாலத்தால மோட்டர்சைக்கிள்ள வந்தார். உர பேக்ல சுத்தி, அதுக்குள்ள ஒரு சாரம், சாரத்துக்குள்ள புது லெப்டொப், மூடியில ஒட்டியிருந்த பொலித்தீன் கூட உரிக்கல்ல. "தம்பி, மகள் ரேம் காணாதெண்டு சொல்றா, 8 தான் இரிக்காம், 16 ஆக்கித் தாங்க" எண்டார். ரேம் எண்டா மெஷின் ஓடக்க வேலையத் தற்காலிகமா வச்சுப் பாக்குற மெமரி, 8, 16 எண்டது ஜீபி கணக்கு. வேளாண்ம வெட்டின காசுல ரெண்டரை லட்சம் குடுத்து வாங்கினதாம், எந்தக் கடை எண்டு நான் இங்க சொல்லப் போறல்ல. திருப்பிப் போட்டு பத்து ஸ்குரூவையும் கழட்டி பழைய சிம் கார்ட் ஒண்டால விளிம்ப நெம்பி மூடியத் தூக்கினா, உள்ளுக்க ரேம் பூட்டுற ஸ்லொட்டே இல்ல. கறுப்புச் சிப் நாலு, போர்ட்டோட போர்ட்டா ஈயம் வச்சு ஒட்டியிரிக்கு. அவரும் தலையக் குனிஞ்சு பாத்துக்கிட்டு "எவடத்த தம்பி பூட்டுற?" எண்டு கேக்கார். எனக்கு ஒள்ளுப்ப நேரம் வாய் வரல்ல.

நான் இண்டைக்கு சொல்ல வந்தது இது ஒண்டு தான். இஞ்சினியரிங் புள்ளைக்கு வாங்குற லெப்டொப் திறந்து பெருப்பிக்கக்கூடியதா இரிக்கணும். ஏனெண்டா கிடைச்ச அண்டைக்கு புள்ளைக்கே தெரியாது தான் என்ன இஞ்சினியராகப் போற எண்டு. பேராதனை, மொரட்டுவ, ஒலுவில், கிளிநொச்சி எது எண்டாலும் அநேகமா முதல்ல எல்லாருக்கும் ஒரே பாடம், கணக்கு, ட்ரோயிங், கொஞ்சம் புரோகிராமிங். முதல் செமஸ்டரோ முதல் வருசமோ முடிஞ்சு ரிசல்ட்டப் பாத்துத் தான் சிவிலா, மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கலா, கொம்பியூட்டரா எண்டு பிரியுற. அந்த முதல் வருசத்துக்கு ஒரு நடுத்தர மெஷின் தாராளம். சிவில் போனா ஓட்டோகேட், ரெவிட், ஈடாப்ஸ் எண்ட சொஃப்ட்வெயார் வரும், மெக்கானிக்கல் எண்டா சொலிட்வேர்க்ஸ், அன்சிஸ், எலெக்ட்ரிக்கலுக்கு மெட்லெப், கொம்பியூட்டர் போற புள்ளை சொஃப்ட்வெயாரால ஒரு மெஷினுக்குள்ள நாலு மெஷின் மாதிரி ஓட்டுவான், அவனுக்கு எவ்வளவு ரேம் இருந்தாலும் காணாது. அப்ப முதல் நாளே எல்லாக் காசையும் கொட்டாம, 8 ஜீபி பூட்டி ஒரு ஸ்லொட் வெறுமையா இரிக்கிற மெஷினை எடுங்க, மறுகா டிபார்ட்மென்ட் தெரிஞ்சா இன்னொரு 8 போட்டுக்கலாம். ரெண்டு துண்டு ஒரே மாதிரி போட்டா இன்னொரு லாபமும் இரிக்கு, தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷின்ல கிராபிக்ஸ் வேகமும் கூடும், அந்த மெஷின் கிராபிக்ஸுக்கும் ரேமைத் தான் பாவிக்கும்.

கடையில வச்சே எப்படிப் பாக்குற? மெஷினை ஒன் பண்ணச் சொல்லுங்க, டாஸ்க் மெனேஜர் எண்டு ஒண்டு இரிக்கு, அதத் திறந்து பெர்ஃபோமன்ஸ், அதுக்குள்ள மெமரி. கீழ ஸ்லொட்ஸ் யூஸ்ட் எண்டு ஒரு வரி வரும், ரெண்டுல ஒண்டு பாவிச்சிரிக்கு எண்டு காட்டினா நல்லம். அதுக்குப் பக்கத்துல ஃபோர்ம் ஃபெக்டர் எண்ட இடத்துல ரோ ஒஃப் சிப்ஸ் எண்டு போட்டிருந்தா அது ஒட்டின ரேம். சில மெஷின்ல இந்த வரி பொய்யும் சொல்லும், அதால அடியில ஒட்டியிரிக்கிற முழு மாடல் நம்பரையும் போன்ல அடிச்சுப் பாருங்க, விக்கிறவர் முகம் சுழிச்சா சுழிக்கட்டும், காசு உங்கட காசு.

அடுத்தது ப்ரொசசர், அதான் மெஷின்ட மூளை, இன்டெல் எண்டா ஐ5, ஐ7 ஸ்டிக்கர் இரிக்கும். அதப் பாத்து மயங்காதீங்க. நம்பரோட கடைசி எழுத்தப் பாருங்க, யூ எண்டா கரண்ட் மிச்சம் பிடிக்கிற சாதி, 15 வோட்ஸ் கணக்குல செஞ்சது, எச் எண்டா 45 வோட்ஸ், வேகம் கூட, சூடும் கூட. ரெண்டு சில்லு லேண்ட்மாஸ்டரும் நாலு சில்லு ட்ரக்டரும் மாதிரி, ரெண்டும் உழும். ஏஎம்டி கொம்பனிட ரைசன் ப்ரொசசர்ல இன்னொரு சூட்சுமம். 2023 மாடல்கள்ல மூணாவது இலக்கம் தான் உள்ளுக்க இரிக்கிறது எந்தக் காலத்து டிசைன் எண்டு காட்டுற. 7520ல மூணாவது 2, அது சென் 2 எண்டு 2019ல வந்த டிசைன். 7640ல 4, அது சென் 4. ரெண்டும் ரைசன் 5 தான், ரெண்டும் 7 ஆயிரத்துல தான் தொடங்குது, பாத்தா அண்ணன் தம்பி, உள்ளுக்க தாத்தாவும் பேரனும்.

ஃபைல் சேமிக்கிற இடத்துக்கு ஹார்ட் டிஸ்க் பத்தி பேசவே தேவையில்ல, அதவிட வேகமான எஸ்எஸ்டி, 512 ஜீபி, முடிஞ்சு. ஸ்கிரீன் ஃபுல் எச்டி இரிக்கணும்.

கேமிங் லெப்டொப் கேக்குற தம்பிமாருக்கு ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. அது ரெண்டு கிலோவுக்கு மேல, சார்ஜர் ஒரு செங்கல்லு. பேராதனையில ஹொஸ்டல்ல இருந்து மகாவலிக்கு மேல அக்பர் பாலத்தால இஞ்சினியரிங் ஃபெகல்டிக்கு காலையும் பின்னேரமும் அதத் தூக்கிக்கிட்டு நடந்து பாருங்க, ஃபைனல் இயர்ல தோள்பட்டை சொல்லும். லெக்சர் ஹோல்ல ப்ளக் கிடைக்காட்டி பெட்டரி ரெண்டு மணித்தியாலம் நிண்டா அதிர்ஷ்டம். மெக்கானிக்கல், சிவில்ல மூணாம் வருசம் பெரிய மொடல் ஓட்டுற புள்ளைக்கு தனி கிராபிக்ஸ் கார்ட் உதவும், அது உண்மை, ஆனா அது மூணாம் வருசக் கதை, லேப்லயும் மெஷின் இரிக்கு. மெக்புக்கும் கேக்காங்க. நல்ல சாமான் தான், பெட்டரி அபாரம், ஆனா சொலிட்வேர்க்ஸும் ரெவிட்டும் அதுல இல்ல, 2020 கடைசியில இருந்து வந்த எம் சிப் மெக்புக்ல பழையபடி பூட்கேம்ப் போட்டு விண்டோஸ் ஏத்தவும் ஏலாது. கொம்பியூட்டர் டிபார்ட்மென்ட் எண்டு உறுதியானா மட்டும் யோசிங்க.

நம்மட ஊர்ல இன்னொரு வழி இரிக்கு, மாமா கட்டார்ல இருந்து வரக்க கொண்டு வாற. அக்கரைப்பற்று, கல்முனை, காத்தான்குடி எங்கயும் இதான நடக்குற. ப்ளக் பிரச்சினை இல்ல, அங்கயும் நம்மட மாதிரி சதுரக் கால் மூணு. கீபோர்ட்ல அரபு எழுத்து இரிக்கும், அதுவும் பழகிரும், என்ட தங்கச்சிர மகன் அந்தக் கீபோர்ட்ல தான் நாலு வருசமும் ஓட்டினவன். வொரன்டி தான் கதை. சில மாடலுக்கு வாங்கின நாட்டுல மட்டும் தான் வொரன்டி. மாமா பெட்டியக் கட்ட முதல் கடையில ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. இங்க வாங்கினாலும் கேளுங்க, இது ஏஜென்ட் வொரன்டியா, கடை வொரன்டியா, சாமானை எங்க கொண்டு குடுக்குற? கொழும்பு எண்டா நீங்க இரவு ஏறி விடிய இறங்கி குடுத்திட்டு வரணும், திருத்தின புறகு எடுக்க இன்னொரு தரம், அதுக்குள்ள புள்ளைட எக்ஸாம் முடிஞ்சிரும்.

காசு இறுக்கமா இரிக்கிற ஆக்கள் பாவிச்ச மெஷினுக்குப் பயப்படாதீங்க. திங்க்பேட், லெட்டிடியூட், எலைட்புக் எண்ட மாடல்கள், வெளியில கொம்பனிகள்ல பாவிச்சுக் கழிச்சது மொத்தமா வெளிநாட்டுல இருந்து வருகுது, புதுசா ஒரு லேசான ப்ளாஸ்டிக் மெஷின் வாங்குற காசுல அதவிட உறுதியான பொடி, நல்ல கீபோர்ட், அநேகமா ஸ்லொட்டும் இரிக்கும், வாங்க முதல் மாடலை மட்டும் ஒருக்காப் பாத்துக்கங்க. இன்டெல் எண்டா எட்டாம் ஜெனரேஷனுக்குக் கீழ எடுக்காதீங்க, விண்டோஸ் 11 அதுக்குக் கீழ முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபரோட வழமையான சப்போர்ட்ட நிப்பாட்டிட்டாங்க. வாங்குற இடத்துல ஒருக்கா பயோஸுக்குள்ள, அதான் விண்டோஸ் வர முதல் திறக்கிற செட்டிங் பக்கத்துக்குள்ள, போய்ப் பாருங்க, பாஸ்வேர்ட் கேட்டா வச்சிட்டு வந்திருங்க, அது பழைய கொம்பனிட பூட்டு, திறக்க மினக்கெடணும். பெட்டரி ரிப்போர்ட் ஒண்டு எடுக்கச் சொல்லி, செஞ்சப்ப எவ்வளவு பிடிச்சது, இப்ப எவ்வளவு பிடிக்கிது எண்டு ரெண்டு எண்ணையும் பாருங்க, பாதிக்குக் கீழ எண்டா புது பெட்டரிக் காசக் கழிச்சுப் பேசுங்க.

சொஃப்ட்வெயார் க்ரெக் பண்ணி, அதான் லைசன்ஸ் இல்லாமக் களவா, ஏத்தித் தாங்க எண்டு வருவாங்க, நான் ஏத்துறல்ல. நல்லவன் எண்டு காட்ட இல்ல, க்ரெக் போட வைரஸ் கார்டை நிப்பாட்டிப் போட்டு ஃபைனல் இயர் புரொஜெக்ட் முழுக்க லொக் ஆகி அழுதுக்கிட்டு வந்த புள்ளையப் பாத்திரிக்கன். ஓட்டோடெஸ்க் காரன் ஓட்டோகேட், ரெவிட் எல்லாம் ஸ்டுடன்டுக்கு சும்மா குடுக்கான், வருசா வருசம் புதுப்பிச்சாச் சரி. மெட்லெப் கெம்பஸ்ல லைசன்ஸ் இரிக்கா எண்டு கேளுங்க, இல்லாட்டி அது மாதிரியே சும்மா கிடைக்கிற ஒக்டேவ் இரிக்கு, முதல் வருச அசைன்மென்ட்டுக்கு அது காணும்.

அந்தக் கொக்கட்டிச்சோலை அண்ணன்ட கதைய முடிக்கல்ல. அந்தப் புது மெஷினை அவர்ர தங்கச்சிட மகனுக்கு, ஏ.எல் ஒன்லைன் கிளாஸ் பாக்குற புள்ளை, கொஞ்சம் குறைச்சுக் குடுத்திட்டார். அந்தக் காசுல பாவிச்ச மெஷின் ஒண்டு எடுத்து வந்து, அதுக்குள்ள 8 ஜீபி துண்டு ஒண்ட நானே பூட்டினன், பக்கத்துல நிண்டு டோர்ச் அடிச்சது அவர் தான். கிளிக் எண்டு இறங்கினதும் "இவடத்தயா" எண்டார். காசுல மிச்சமும் இருந்திச்சி, மகளுக்கு நல்லதா ஒரு பேக்கும் கெல்குலேட்டரும் வாங்கப் போறன் எண்டு போனவர். அவர் போன புறகு பாத்தா மேசையில ஒரு ஸ்குரூ மிஞ்சியிரிக்கு. இந்த மெஷின்ட ஸ்குரூவா, அந்த ஒட்டின ரேம் மெஷின்ட ஸ்குரூவா எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணன் கேட்டுக்கிட்டு இருந்தா ஒருக்கா கடைப்பக்கம் வாங்க.