எங்கள் வீட்டு ஜே.ஆர்.எஃப்.

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மே மாதம் பிறந்தால் சேலத்தில் மாம்பழமும் பரீட்சை முடிவுகளும் ஒன்றாக வந்து சேரும். பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு, அப்புறம் நீட், அப்புறம் பொறியியல் கலந்தாய்வு. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடுவதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. வீடுகளில் அந்தப் பட்டியல் இன்னும் அப்படியே இருக்கிறது. டாக்டர் சீட்டு மேலே, இன்ஜினியரிங் அதற்கடுத்து, மற்றதெல்லாம் கீழே. அந்தப் பட்டியலில் எங்கே வைப்பது என்றே தெரியாத ஒரு வெற்றி எங்கள் குடும்பத்துக்கு வந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

என் தம்பி மகள் சேலத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் தாவரவியல் படித்தாள். முதுகலை முடித்துவிட்டு, அறிவியலில் ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் தகுதி பார்க்கும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப்., அதாவது உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யும் தகுதி பெற்றிருக்கிறாள். தம்பி செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை ஒன்றில் கூலிக்கு வேலை செய்கிறவன். அவன் மனைவி வீட்டிலிருந்தபடியே கொலுசுக்கு மணி கோர்த்துக் கொடுப்பாள். இரண்டு பேரும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. நான் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். குடும்பத்தில் படிப்பு சம்பந்தமான எந்தச் செய்தியும் முதலில் எனக்குத்தான் வரும். இதுவும் வந்தது. "அத்தே, பாஸாயிட்டேன், ஜே.ஆர்.எஃப். கெடச்சிருச்சு" என்று போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். தம்பி தெருவுக்கே தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தான். பெரியம்மா ஒருவர், "வேலை கெடச்சிருச்சா கண்ணு?" என்று கேட்டார். வேலை இல்லை, ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றாள் அவள். "அதுக்கு எத்தனை வருசம்?" ஐந்து ஆகலாம் என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பேச்சு மெல்லக் கல்யாணத்தின் பக்கம் திரும்பியது. அவளுடைய முகம் வாடியதை அறையில் பாதிப் பேர் கவனிக்கவில்லை.

யாரையும் நான் குறை சொல்லவில்லை. எல்லாரும் சந்தோஷமாகத்தான் வந்தார்கள். அந்தப் பிள்ளை என்ன செய்து முடித்திருக்கிறாள் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் சொன்னேன். அன்று அந்தக் கூடத்தில் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இது இந்தியா முழுக்க நடக்கும் தேர்வு. அவள் எழுதியது உயிர் அறிவியல் தாள். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். மொத்தம் 145 கேள்விகள் இருக்கும், அவற்றில் 75-க்குத்தான் பதில் தர வேண்டும். எதைத் தொடுவது, எதை விடுவது என்று அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். தப்பான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பார்கள். கடைசிப் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் 4 மதிப்பெண். அங்கே மனப்பாடம் கைகொடுக்காது, ஒரு சோதனையின் முடிவைக் காட்டி இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பெண் இதை எழுதித் தேறியிருக்கிறாள். தேறியவர்களிலும் ஜே.ஆர்.எஃப். எல்லாருக்கும் கிடைப்பதில்லை. உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் பெறுகிறவர்கள் உண்டு, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுகிறவர்களும் உண்டு. ஆராய்ச்சி செய்ய அரசாங்கமே மாதாமாதம் பணம் கொடுப்பது ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்குத்தான்.

பணம் என்றதும் கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. வீட்டு வாடகைப்படி தனி. இதைக் கேட்டவுடன் ஒருவர் வீட்டுக் கடனைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசினேன். அந்தப் பணம் அவள் வேறு ஊரில் தங்கிச் சாப்பிட்டுப் படிப்பதற்கு. சில சமயம் மாதக்கணக்கில் தள்ளியும் வரும். அதை நம்பி வீட்டில் யாரும் தவணை கட்டத் தொடங்கினால், ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தவணைத் தேதிதான் கண்ணில் நிற்கும். பிள்ளையின் படிப்பை நினைத்துப் பெருமைப்படுகிற குடும்பம், அந்த ஐந்து வருடத்துக்காவது அவள் சம்பாத்தியத்தில் கை வைக்காமல் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சரி, தம்பிக்கு வருகிறேன். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. எல்லாரும் போன பிறகு மகளிடம், "நீ என்னத்தைத்தான் ஆராய்ச்சி பண்ணப் போறே, எனக்குக் காட்டு" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் எல்லாரையும் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனாள். 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் ஏறி, ஏரிக்கரைப் பக்கம்கூடப் போகாமல், நேராக இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குத்தான் போனோம். 1963-இல் தொடங்கியது அது. கோடை விழாவுக்கு எத்தனையோ முறை மலையேறியிருக்கிறோம். இப்படி ஒரு தோட்டம் அங்கே இருப்பது எங்கள் வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. மேகாலயாவின் காசி மலையில் வளரும் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியை அங்கே வளர்க்கிறார்கள். நம் சேர்வராயன் மலையின் பெயரையே அறிவியல் பெயராகக் கொண்ட ஒரு மரம் உண்டு, வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று. அதைப் பற்றியும் சொன்னாள்.

அவளிடம் ஒரு கை லென்ஸ் இருக்கிறது. இளங்கலை மூன்றாம் ஆண்டில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தபோது முதலில் வாங்கிய பொருள் அது. அதை அப்பாவின் கையில் கொடுத்து, சுண்டுவிரல் நகத்தளவு இருந்த ஓர் ஆர்க்கிட் பூவைக் காட்டினாள். காலமெல்லாம் வெள்ளிக் கம்பியை முறுக்கிப் பற்றவைத்த கண் அவனுடையது. வெகுநேரம் பார்த்தான். "இந்த நடு இதழ் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்றான். பூச்சி வந்து உட்காருவதற்கு என்று அவள் சொன்னாள். அப்புறம் விதையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்குமாம். முளைவிடத் தேவையான சத்து அதற்குள் கிடையாது. மண்ணிலோ மரப்பட்டையிலோ இருக்கும் ஒரு பூஞ்சை அதற்கு உணவு கொடுத்தால்தான் முளைக்கும். எந்த ஆர்க்கிட்டுக்கு எந்தப் பூஞ்சை என்பதைத்தான் அவள் ஆராயப் போகிறாள். காடு அழிந்த இடத்தில் செடியை மட்டும் கொண்டுபோய் நட்டால் அந்த இனம் பெருகாது, பூஞ்சையும் அந்த மண்ணில் இருக்க வேண்டும் என்றாள். "அப்ப காபித் தோட்டத்து மரத்துல அது இருக்குமா?" என்று தம்பி கேட்டான். அதை யாராவது பார்க்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். பிள்ளைகள் பரிசு வாங்கும்போது பெற்றோர் கைதட்டியதை நிறையப் பார்த்திருக்கிறேன். தன் பிள்ளை படிக்கும் விஷயத்தில் ஒரு தகப்பன் கேள்வி கேட்டு, அந்தக் கேள்வியைப் பிள்ளை எழுதிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இப்போது பட்டறையில் யாராவது, "உங்க பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டால் தம்பி விவரமாகச் சொல்கிறான். விதை, பூஞ்சை, எல்லாம். கேட்கிறவர்களில் சிலருக்கு அலுப்பாகக்கூட இருக்கும். சொல்லட்டும் என்று நான் நினைக்கிறேன். கல்யாணப் பேச்சை, அவளாக எடுக்கும் வரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை என்று தம்பி மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். பெரியம்மாவும் ஒத்துக்கொண்டார்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டிலும் அறிவியல் முதுகலை படிக்கும் பிள்ளை ஒருவர் இருக்கலாம். இந்தத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். இறுதியாண்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஆன்லைனில்தான் விண்ணப்பம். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஓ.பி.சி. சலுகைக்கு மத்திய அரசுப் படிவத்தில் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் அலைய வேண்டாம். முதல் முறை தேறாவிட்டால் அடுத்த முறைக்கான கட்டணத்தை முகம் சுளிக்காமல் கொடுங்கள். இன்று ராத்திரி சாப்பாட்டின்போது, இப்போது என்ன பாடம் போகிறது என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை டிவியை அணைத்து வையுங்கள்.

வணக்கம்.