வெளிர் லாகருக்குத் தண்ணீர்: சேர்ப்பதைவிட எடுப்பதுதான் வேலை

[திரையில்: பில்சன் நகரச் சதுக்கம்]

1838. பொஹீமியாவின் பில்சன் நகரம். நகர மன்றத்துக்கு முன்னால் 36 பீப்பாய் பீரை ஊரார் தெருவிலேயே கொட்டினார்கள். வாயில் வைக்க முடியாத சரக்கு. அப்புறம் ஊர் கூடிப் புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் குரோலை அழைத்துவந்தது. 1842 அக்டோபரில் அவர் காய்ச்சியதுதான் முதல் பில்ஸ்னர், அதாவது குளிரில் நிதானமாக முதிரும் வெளிர்நிற லாகர் பீர்.

வெளிர் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), சாட்ஸ் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் செக் நாட்டுப் பூ) இவற்றோடு ஊர்த் தண்ணீரும் கைகொடுத்தது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்சியம்கூட இல்லாத தண்ணீர் அது.

[திரையில்: கெட்டிலின் உட்புறம், மிக அருகில்]

நான் இருப்பதோ லண்டனில். இந்த வெள்ளைப் படிவைப் பாருங்கள், நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. சுண்ணாம்பு நிலத்தில் ஊறி வந்த தண்ணீர், பைகார்பனேட் ஏராளம். அது அமிலத்தை விழுங்கிவிடும். கறுப்பு போர்ட்டர் பீருக்கு அதனால் தொல்லையில்லை, வறுத்த மால்ட்டிலேயே அமிலம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மியூனிக்கின் கருநிற லாகருக்கும் இதே கதைதான். பில்ஸ்னர் மால்ட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

மேஷ், அதாவது அரைத்த மால்ட் வெந்நீரில் ஊறும் கட்டத்தில், பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.2க்கும் 5.6க்கும் நடுவே நிற்க வேண்டும். மேலே போனால் உமியின் துவர்ப்பு இறங்கும், அடுப்பில் மறந்துபோன டீ மாதிரி. ஹாப்ஸின் கசப்பும் நாக்கில் உராயும். என் முதல் லாகர் அப்படித்தான். குழாய்த் தண்ணீரிலேயே போட்டு, குளிரில் வாரக்கணக்காகக் காத்திருந்து குடித்தேன். கஷாயம்.

சரி, என்ன செய்வது? ஆர்ஓ தண்ணீர், அதாவது உப்புகளை வடிகட்டி நீக்கிய தண்ணீர் எடுங்கள். குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கு கலப்பதானால் முதலில் குளோரினைப் போக்குங்கள். 20 லிட்டருக்குக் கால் கேம்ப்டன் மாத்திரை (குளோரினை முறிக்கும் சல்ஃபைட் மாத்திரை) போதும். போக்காமல் விட்டால் மருந்துக்கடை வாசனை வரும்.

20 லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்கு 2 கிராம் கால்சியம் குளோரைடு. அதில் லிட்டருக்கு ஏறக்குறைய 27 மில்லிகிராம் கால்சியம், 48 மில்லிகிராம் குளோரைடு கிடைக்கும். கால்சியம் மால்ட்டின் பாஸ்பேட்டோடு சேர்ந்து பிஎச்சைக் கொஞ்சம் இறக்கும், குளோரைடு வாய்க்கு உருண்டையான சுவை தரும். ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட்? ஒரு கிராமுக்கு மேல் வேண்டாம். பேல் ஏல் என்ற இன்னொரு பீர்வகைக்கான தண்ணீர் அட்டவணையைப் பார்த்து லாகரில் ஜிப்சத்தை அள்ளிப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாட்ஸின் மென்மையான மணத்துக்கு அது எமன்.

இத்தனைக்கும் பிறகு பிஎச் 5.7 பக்கம்தான் நிற்கும். உப்பு மட்டும் போதாது, அமிலம் வேண்டும். ஜெர்மனியின் பீர்ச் சட்டம் அமிலத்தை நேரடியாக ஊற்ற விடாது. அதனால் அங்கே அமில மால்ட் போடுகிறார்கள், லாக்டிக் அமிலம் ஏறிய மால்ட். மொத்த மால்ட்டில் ஒரு சதவீதம் போட்டால் பிஎச் சுமார் 0.1 இறங்கும். நாலரைக் கிலோவுக்கு 135 கிராம், அதாவது 3 சதவீதம், நான் போடும் அளவு. வெறும் லாக்டிக் அமிலமும் அதே வேலையைச் செய்யும், அரை அரை மில்லியாக விடுங்கள்.

[திரையில்: சின்னக் கிண்ணத்தில் மேஷ் சாறு, பக்கத்தில் பிஎச் மீட்டர்]

மால்ட்டைக் கொட்டிக் கிளறிப் பதினைந்து நிமிடம் கழித்து ஒரு கரண்டிச் சாறு எடுங்கள். கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு அளங்கள். சூட்டோடு அளந்தால் சுமார் 0.3 குறைவாகக் காட்டும், மீட்டரும் சீக்கிரம் பழுதாகும்.

5.4. இதோ, வந்துவிட்டது. அமில பாட்டிலை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் மேஷைச் சும்மா விடுங்கள்.