சார்லிக்கு வாங்கிய சட்டை

விழாத் தலைவர் அவர்களே, தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பத்து நிமிடத்தை அன்போடு எடுத்துக்கொண்ட மருத்துவர் ஐயா அவர்களே, விடியற்காலையிலிருந்து பொங்கல் கிளறிக் கை வலித்துப்போன சமையல் குழுவினரே (உங்களைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்), நியூஜெர்சிக் குளிரிலும் பட்டுப்புடவையில் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

அமெரிக்கக் குடும்பம் பற்றி வியப்பான புள்ளிவிவரம் சொல்லச் சொன்னார்கள். மூன்று கொண்டுவந்திருக்கிறேன்: தனி ஆள் வீடு, செல்லப் பிராணி, கல்யாண வயது.

1940 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் ஒரே ஆள் வசித்த வீடுகள் நூற்றுக்கு எட்டுகூட இல்லை. 2020இல் 27.6 விழுக்காடு. நாலு வீட்டுக்கு ஒரு வீடு! தனிமரம் தோப்பாகாது. பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. போன வருஷமும் இதைத்தான் சொன்னேன், அடுத்த வருஷமும் சொல்வேன்.

உடனே 'பாசமில்லாத ஜனங்கள்' என்று தலையாட்டாதீர்கள். பல தலைமுறை சேர்ந்து வாழும் வீடுகளில் இருப்பவர்கள் 1971இல் 7 விழுக்காடு, 2021இல் 18. பியூ ஆய்வு மையத்தின் கணக்கு இது. அந்தப் பதினெட்டில் நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளும் உண்டு.

சரி, செல்லப் பிராணிக்கு வருகிறேன். அதே மையம் 2023இல் கேட்டபோது, பிராணி வளர்ப்பவர்களில் 97 விழுக்காட்டினர் அதைக் குடும்பத்தில் ஒருவர் என்றார்கள். பாதிப்பேர், மனிதருக்குச் சமமான உறுப்பினர் என்றார்கள். எனக்கு இது முன்பே தெரியும். நாங்கள் குடிவந்த முதல் வருஷம், பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, "சனிக்கிழமை சார்லிக்கு ஐந்தாவது பிறந்தநாள், அவசியம் வாருங்கள்" என்றார். பேரன் போலிருக்கிறது என்று என் மனைவி கடை கடையாக ஏறி இறங்கி, ஐந்து வயதுக்கு அளவெடுத்ததுபோல் ஒரு கோடு போட்ட சட்டை வாங்கினாள். கூடவே வண்ணப் பென்சில் பெட்டி. போனால் மேசையில் கேக், சுவரில் பலூன், நாற்காலியில் தொப்பி போட்டுக்கொண்டு சார்லி. நாலு கால், ஒரு வால். என் மனைவி என்னைப் பார்க்கிறாள், நான் கூரையைப் பார்க்கிறேன். பாட்டி சட்டையைப் பிரித்தார், மாட்டிவிட்டார். கச்சிதமாக இருந்தது ஐயா! பென்சிலை மட்டும் அவன் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டான்.

சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். பத்து நாற்காலி போட்டிருந்தார். வந்தது நாங்கள் இருவர். மகன் கலிபோர்னியாவில், நன்றி நவிலும் நாளுக்கு வந்தால் உண்டு. தனிமரம் தோப்பாகாது.

2023இல், அன்றைய சர்ஜன் ஜெனரல், அதாவது அரசின் தலைமைப் பொதுநல மருத்துவர், விவேக் மூர்த்தி, உறவில்லாத வாழ்க்கை தினம் பதினைந்து சிகரெட் வரை பிடிப்பதற்கு ஒப்பான கேடு என்று அறிக்கையே விட்டார். அதனால்தான் மேடை கிடைத்தால் போதும், கேட்டுவிடுகிறேன்: ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டுச் சோறு கூடுதலாகப் பரிமாறுங்கள். உங்கள் தெருவில் தனியாக இருப்பவர் ஒருவரை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். டப்பாவில் கொடுத்தனுப்புவது கணக்கில் சேராது.

மூன்றாவது, கல்யாண வயது... தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நோட்டு இருக்கிறது. பெயரையும், விருந்தாளிக்குக் காரம் எவ்வளவு ஆகும் என்பதையும் எழுதுங்கள். பேனாவை இந்தத் தடவை நூலில் கட்டியிருக்கிறேன்.