பூச்செண்டு வாங்கிய முதலாம் வருசக்காரர்

நடுவர் ஐயா, எதிரணியினரே, மட்டக்களப்புச் சனங்களே, வணக்கம். வயது போய்ப் பல்கலைக்கழகம் வந்தவர் மாணவர் மன்றங்களில் சேரத்தான் வேணும் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தங்கச்சி என்ன சொன்னா? "முப்பத்தெட்டு வயசு ஆள் கலைவிழாவுக்குப் போனா, பிரதம விருந்தினர் எண்டு பூச்செண்டு குடுத்திருவாங்க!" எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனால் தங்கச்சி, அது பகிடி இல்லை, நடந்த கதை!

ஆளுக்கு ஊர் கல்லாறு. கட்டாரில் மின்வேலை செய்து திரும்பி, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதி, மட்டக்களப்பில் பஸ் மாறி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். முதல் கூட்டம். கதவைத் திறந்தார், முழு அறையும் எழும்பி நின்றது! முன்வரிசைப் பொடியன் போனை ஒளித்தான். செயலாளர் பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டு, "சேர், ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றது. "புள்ள, நான் அங்கத்துவப் படிவம் வாங்க வந்த" என்றார்.

மறுகா? கலைவிழா. வாசலில் சந்தனம், கற்கண்டு, பூச்செண்டு. நீட்டினார்கள், வாங்கினார். ஐயா, திரும்பவும் சொல்கிறேன், வாங்கினார்! உண்மையான பிரதம விருந்தினர் பின்னால் வெறுங்கையோடு வருகிறார்!

சிரியுங்கள். ஆனால் உள்ளே என்ன நிலைமை? ஒவ்வொன்றும் ஆயிரம் வாற்று விளக்கு, நாலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் செருகியிருக்கிறார்கள். பதின்மூன்று அம்பியர் பிளக் ஏறக்குறைய மூவாயிரம் வாற்றுத்தான் தாங்கும். கூடினால் பியூஸ் உடனே போகாது, பிளக்தான் சூடேறி உருகும். வயர் வேறு சுருட்டினபடியே கிடக்கிறது, உள்ளே சூடு வெளியேற வழியில்லை. பூச்செண்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, நம்ம ஆள் வயரை முழுக்க விரித்து, விளக்குகளை இரண்டு இரண்டாகப் பிரித்து வேறு வேறு லைனில் போட்டு, சவுண்டைத் தனி லைனுக்கு மாற்றினார். அன்றிரவு நாடகம் முடியும்வரை மேடையில் வெளிச்சம் நின்றது. அன்றிலிருந்து "சேர்" போய் "அண்ணே" வந்தது. இப்ப சொல்லுங்க தங்கச்சி, அந்தப் பூச்செண்டு ஆருக்குப் பொருத்தம்?

சேரும் விதம் தெரியாமல் சேர்ந்தால் தங்கச்சி சொன்னதுதான் நடக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். முதல் ரெண்டு கூட்டத்தில் "எங்கட காலத்தில" என்று வாய் திறக்கக் கூடாது. தலைவர் பதவி தந்தாலும் வேண்டாம். பிள்ளைகள் பழகுகிற இடம் அது. கிழமைக்குக் கிழமை நிற்கிற வேலையை ஏற்றால், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று கைவிட வேண்டி வரும். திகதி குறித்த ஒரு வேலையைக் கேட்டு எடுங்கள், வர முடியாத பின்னேரங்களை முதலே சொல்லுங்கள். ரெண்டு மன்றம் போதும், ஒன்று தொழில் தெரிந்த இடம், மற்றது ஒன்றுமே தெரியாத இடம். இளைஞர் சேவைக் கழகங்களில் சேருவதென்றால், லியோ கழகத்தில் வயது முப்பதோடு முடியும். ரொட்டரக்ட் அந்த எல்லையை 2020இல் எடுத்துவிட்டது.

இனி நியாயம் பேசப் போவதில்லை ஐயா. 2004 மார்கழியில் அந்த மனிசனுக்குப் பதினாறு வயது. சாதாரண தரம் எழுதி முடித்த மாதமே கடல் வந்தது. பரீட்சை முடிவு வந்தபோது காட்டுவதற்கு வீட்டில் வாப்பாவோ அப்பாவோ இல்லாத பிள்ளைகள் இந்தக் கரை முழுக்க எத்தனை பேர்! கூட்டாளிமாரோடு விடியவிடியப் பதாகை எழுதுகிற, தேத்தண்ணிக்குக் காசு போட்டுச் சண்டை பிடிக்கிற வயதை அவர் தோஹாவில் மற்றவர் கட்டடத்துக்கு வயர் இழுத்துக் கழித்தார். தங்கைமாரைக் கரைசேர்த்துப்போட்டு வந்து, இப்பதான் ஒரு பதாகைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். அவரை எழும்பிப் போகச் சொல்ல உங்களுக்கு மனசு வருமா தங்கச்சி?

மணி அடிச்சிட்டீங்க ஐயா. அவர் இந்த வருசச் சந்தாவும் கட்டியாச்சு, ஒளியமைப்புப் பொறுப்பும் அவருக்குத்தான். தீர்ப்பை எங்கட பக்கம் தாங்க. வணக்கம்.